விலகுவதற்குக் கடைசி நாள்

பெல்தோலா, மேல் மிச்சிகன்
14 செப்டம்பர் 1985

அன்புள்ள இர்மா,

முழங்கால் சரியில்லை, பக்கத்தில் நின்று கத்தினால் ஒழியக் காது கேட்பதில்லை. இவை இரண்டையும் கழித்துவிட்டால் மீதி உள்ள நான் முழு நலம். நீ எப்படி இருக்கிறாய்? டெட்ராய்ட்டில் கதவை இரண்டு பூட்டுப் போட்டுத்தான் பூட்டுகிறாயா?

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்று கடைசிப் பத்தியில், மழை பெய்தது என்று சொல்வதுபோல் எழுதியிருக்கிறாய். நாலு வருடமாக மருத்துவமனைச் சோதனைக்கூடத்தில் ஊரார் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், இருபத்தாறு வயதில் எடுத்த முடிவு இது. முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். மூன்று தடவை படித்தேன். பிறகு பக்கத்து வீட்டுத் தாவெத்தியிடம் போய் அவனுக்கும் படித்துக் காட்டினேன்.

"உம் பொண்ணு டாக்டரானா மொத வேலையா உன் வாயத் தைக்கச் சொல்லணும்டா வில்யோ"ன்னான்.

"அவ்வளவு நூலு இந்த மாநிலத்துலயே கிடையாது"ன்னேன்.

ஒன்று மட்டும் சொல். அந்த மதிப்பெண்களைப் பற்றி என்ன எழுதினாய்? நான் கல்லூரி வாசலை மிதிக்காதவன். செம்புச் சுரங்கத்தில் பாறைக்குத் துளை போட்டுக்கொண்டே கலைக்களஞ்சியம் இருபத்துநாலு தொகுதியும் படித்து முடித்தவன். கல்லீரல் எந்தப் பக்கம், மண்ணீரல் எந்தப் பக்கம் என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கே தெரிகிறது, 1979 இலையுதிர் காலத்து மதிப்பெண்களைப் பார்த்தால் எவனும் கேட்பான் என்று.

சாலை அலுவலகத்து ட்ரெவாரோ மறுபடியும் வந்தான். பனி தள்ளும் வண்டி என் கடிதப் பெட்டியை இடிக்கிறதாம், பெட்டியை மூன்றடி உள்ளே தள்ளி நட வேண்டுமாம். நட வேண்டிய இடத்தில் சிவப்பு நாடா கட்டிய ஒரு முளையையும் அடித்துவிட்டுப் போயிருக்கிறான். பெட்டியை நான் நட்டது 1951இல். சாலையை அவர்கள் அகலப்படுத்தியது 1974இல். சாலைதான் என் பெட்டியிடம் வந்தது. பெட்டி எங்கேயும் போகவில்லை. பதினோரு வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவனுடைய தாத்தா சுரங்கத்தில் என் அப்பாவுக்கு மேஸ்திரி. அந்த அதிகாரம் இன்னும் ரத்தத்தில் ஓடுகிறது.

சவ்னாக் குளியலறை அடுப்புக்குப் புதுக் கற்கள் போட்டேன். ஒரே ஆளுக்கு இவ்வளவு சூடு அதிகம்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா,
வில்யோ

----

டெட்ராய்ட்
29 செப்டம்பர் 1985

அன்புள்ள அப்பா,

நான் சுகம். பூட்டு இரண்டும் போடுகிறேன். முழங்காலுக்கு நான் அனுப்பிய தைலத்தைத் தடவுகிறீர்களா, அல்லது அதுவும் அலமாரியில் காட்சிப் பொருளாக இருக்கிறதா? உங்களுக்குக் காது கேட்டிருந்தால் இதைத் தொலைபேசியில் கேட்டுத் திட்டியிருப்பேன்.

மதிப்பெண் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மறைக்க எதுவும் இல்லை. அந்த ஒரு செமஸ்டரில் கரிம வேதியியலில் எஃப், இயற்பியலில் எஃப், இரண்டும் தோல்வி. மற்ற இரண்டில் ஒப்புக்குத் தேறும் டி. அதனால் மொத்தச் சராசரி நாலுக்கு இரண்டு புள்ளி ஆறு. எனக்கு ஆலோசனை சொல்லும் பேராசிரியை பட்டியலைப் பார்த்துவிட்டு, "இதோட எட்டுக் காலேஜுக்குப் போடறேன்னு சொல்றியே, உனக்குத் தைரியம் ஜாஸ்திம்மா" என்றார். மாலை வகுப்பில் சேர்ந்து அந்த நாலு பாடத்தையும் மறுபடி படித்து ஏ வாங்கியதைக் காட்டினேன். "நல்லது. ஆனா பழசு அழியாது. ரெண்டையும் சேத்துத்தான் கூட்டுவாங்க" என்றார்.

விண்ணப்பத்தில் காரணம் சொல்லச் சிறிய இடம் இருக்கிறது. 'அந்தச் செமஸ்டரில் நான் ஒரு தவறான முடிவு எடுத்தேன். அதன் பொறுப்பு என்னுடையது' என்று எழுதியிருக்கிறேன்.

கற்கள் நல்லது. சனிக்கிழமைகளில் அந்தப் புகை வாசம் இங்கே திடீரென்று எங்கிருந்தோ வரும். திரும்பிப் பார்த்தால் யாரோ குப்பையை எரித்துக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் மகள்,
இர்மா

----

பெல்தோலா
10 அக்டோபர் 1985

அன்புள்ள இர்மா,

சுகம் விசாரிப்பதை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். கோபமாக இருக்கிறேன்.

தவறான முடிவா? யாருடைய முடிவு? உன் அம்மா அந்த இலையுதிர் காலம் முழுவதும் முன்னறைக் கட்டிலில் கிடந்தாள். நீ ஒவ்வொரு வியாழக்கிழமையும் பேருந்து ஏறினாய். வெள்ளிக்கிழமை விடியலில் நான் டிரக்கோடு நிற்பேன். தூக்கம் முகத்தில் ஒட்டியிருக்க இறங்குவாய். மூன்று நாள் அவளைக் குளிப்பாட்டி, தலைவாரி, கஞ்சி ஊட்டிவிட்டு ஞாயிறு திரும்புவாய். பன்னிரண்டு வாரம். டிசம்பர் மூன்றாம் தேதி அவள் போனாள். அடக்கம் முடிந்த நாலாம் நாள் நீ தேர்வு எழுதினாய். இதை எழுதுவதற்கு உனக்கு என்ன வெட்கம்? லெம்பியின் மகள் என்று சொல்ல வெட்கமா?

அந்தச் சிறிய இடத்தில் இதை எழுது. நீ எழுதாவிட்டால் கல்லூரிகளுக்கு நானே எழுதுகிறேன். எட்டுப் பேருக்கும் எழுதுவேன். ஆளுநருக்கே எழுதியவன் நான்.

தாவெத்தி கேட்கிறான், "பாலத்துக்கு அந்தப் பக்கம் டெட்ராய்ட்டுக்குப் போனவங்க ஊரு பேச்செல்லாம் மறந்துடுவாங்களோ?" என்று. நான் விறகை அடுக்கிக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

உன் அப்பா,
வில்யோ

----

டெட்ராய்ட்
27 அக்டோபர் 1985

அன்புள்ள அப்பா,

கோபத்திலும் நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் நலம்.

தயவுசெய்து கல்லூரிகளுக்கு எழுதாதீர்கள். இங்கே விண்ணப்பம் போட்டவருடைய அப்பா எழுதினால், இவளால் தன் காலில் நிற்க முடியாது என்று எடுத்துக்கொள்வார்கள். கோப்பில் அது கறையாகிவிடும். இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்யாமல் இருங்கள்.

அம்மாவைப் பற்றி எழுத வெட்கமில்லை. எழுதினால் அடுத்த கேள்வி வரும், அதனால்தான் எழுதவில்லை. ஒவ்வொரு செமஸ்டரிலும் விலகுவதற்கு ஒரு கடைசி நாள் உண்டு. அந்த வருடம் அது அக்டோபர் 26. வீட்டில் நோய் இருப்பவர்கள் அன்றைக்குள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் அந்தப் பாடங்களுக்கு மதிப்பெண்ணே வராது. அடுத்த ஆண்டு படித்துக்கொள்ளலாம். கல்லூரியை விட்டுப் போக வேண்டியதில்லை. 'அம்மா சாகக் கிடந்தார் என்றால் ஏன் விலகவில்லை?' என்பார்கள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அது என்னுடையது மட்டும் இல்லை.

ஒரு கல்லூரி டிசம்பரில் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறது. தைலம் தடவுங்கள்.

உங்கள் மகள்,
இர்மா

----

பெல்தோலா
9 நவம்பர் 1985

அன்புள்ள இர்மா,

தைலம் தடவினேன். நாற்றம் தாங்காமல் நாயே வெளியே போய்விட்டது. மற்றபடி சுகம். நேர்காணலுக்கு நல்ல காலணி வைத்திருக்கிறாயா?

இவ்வளவு சின்னக் கேள்விக்கா இத்தனை சுற்று? ஏன் விலகவில்லை என்றால், நீ என் மகள் என்பதால் விலகவில்லை. வேலைநிறுத்தத்தின்போது ஒன்பது மாதம் உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டு நின்றேன். பாதியில் வேலைக்குப் போனவர்களின் பெயர்களை இன்றைக்கும் வரிசையாகச் சொல்லுவேன். எடுத்த விறகைப் பாதி வழியில் போடுகிறவர்கள் நம் வீட்டில் பிறக்கவில்லை. தாய் சாகக் கிடந்தபோதும் என் பெண் படிப்பை விடவில்லை என்று இந்த ஊரில் நான் சொல்லாத ஆள் கிடையாது. கூட்டுறவுக் கடையில் சொல்லியிருக்கிறேன், தேவாலயப் படியில் சொல்லியிருக்கிறேன். அதை அப்படியே தலை நிமிர்ந்து சொல்.

முதல் பனி விழுந்துவிட்டது. மான் வேட்டைக்குத் தாவெத்தி என்னைக் கூப்பிடவில்லை. காது கேட்காதவன் பக்கத்தில் நின்றால் மானுக்குத்தான் ஆதாயமாம்.

கிறிஸ்துமஸுக்கு நிறைய உருளைக்கிழங்கு இருக்கிறது. சும்மா சொல்கிறேன்.

உன் அப்பா,
வில்யோ

----

பெல்தோலா
6 ஜனவரி 1986

இர்மா,

உயிரோடு இருக்கிறேன். நீயும் அப்படித்தான் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி வைக்கவில்லை நீ.

என் நவம்பர் கடிதத்துக்கு ஒரு வரி பதில் இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டைகூட இல்லை. நேர்காணல் நடந்ததா என்றுகூடத் தெரியாது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் கல்லறைக்குப் போனேன். இடுப்பளவு பனியில் உன் அம்மாவின் கல்லைத் தோண்டி எடுக்க முக்கால் மணி நேரம். மெழுகுவர்த்தி இரண்டு கொண்டுபோயிருந்தேன், ஒன்று உன் பெயரில். காற்றில் என்னுடையது அணைந்துவிட்டது. உன்னுடையது எரிந்தது. அதிலும் உனக்குத்தான் பிடிவாதம்.

டிசம்பர் இருபதாம் தேதி பனி வண்டி பெட்டியை இடித்துத் தள்ளிவிட்டது. கம்பம் முறிந்து, பெட்டி சப்பையாகிக் கவிழ்ந்து கிடந்தது. அன்றைக்கே அதே இடத்தில் புதுக் கம்பம் நட்டேன். ட்ரெவாரோ வண்டியை நிறுத்திப் பார்த்தான்.

"பெரியவரே, மூணே அடி. நானே ஆளக் கூட்டிட்டு வந்து நட்டுத் தரேன்."

"தம்பி, நீ உன் சாலைய மூணடி அந்தப் பக்கம் தள்ளு. நான் ஆளக் கூட்டிட்டு வரேன்."

"ஒரு நாளைக்கு முக்கியமான கடுதாசி ஏதாவது தொலையப் போகுது."

"இந்தப் பெட்டியில இதுவரைக்கும் ஒரு கடுதாசி தொலஞ்சதில்ல. போடற ஆளு போட்டா வரும்!"

எழுத மனமிருந்தால் எழுது.

வில்யோ

----

டெட்ராய்ட்
20 ஜனவரி 1986

அன்புள்ள அப்பா,

நலம். நீங்களும் நலம் என்று தெரிந்ததில் நிம்மதி.

கடிதம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சரி அப்பா. வரவில்லை என்றே இருக்கட்டும். டிசம்பரில் எழுதியதற்கு மேல் எழுத என்னிடம் எதுவும் இல்லை. உங்கள் விருப்பம் புரிந்தது, அப்படியே செய்துவிட்டேன். அவர்கள் கொடுத்த தவணை பத்தாம் தேதியோடு முடிந்தது.

எனக்காக மெழுகுவர்த்தி ஏற்றியதற்கு நன்றி.

இர்மா

----

பெல்தோலா
8 பிப்ரவரி 1986

இர்மா,

வரவில்லை என்றே இருக்கட்டும் என்றால் என்ன அர்த்தம்? நான் பொய் சொல்கிறேன் என்றா? அறுபத்தெட்டு வயதில் என் பெண்ணிடம் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது. டிசம்பரில் நீ எதுவும் எழுதவில்லை. எழுதியிருந்தால் வந்திருக்கும். முப்பத்தைந்து வருடமாக என் பெட்டி ஒரு கடிதத்தையும் தொலைத்ததில்லை. எழுத மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன்.

என்ன விருப்பம்? என்ன தவணை? நான் எதையும் விரும்பவில்லை. விரும்பிய ஒன்றிரண்டும் நடக்கவில்லை.

வில்யோ

----

பெல்தோலா
9 மார்ச் 1986

அன்புள்ள இர்மா,

நலம். போன கடிதத்தை நான் கொஞ்சம் அழுத்தி எழுதிவிட்டேன் என்று சொல்கிறார்கள். சொன்னவள் என் அக்கா ஸைமா. "பொண்ணுக்கு எழுதுறியா, கம்பெனிக்கு நோட்டீஸ் விடுறியா?" என்று கேட்டாள். எழுதியதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் நீ பதில் போடலாம்.

ஸைமா ஏலக்காய் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தாள். உன் பங்கை உறைகுளிர்ப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ரொட்டி மூன்று மாதம் தாங்கும்.

கடிதக்காரர் பதினொன்றரைக்கு வருகிறார். நான் பதினொன்றுக்கே பாதையில் பனி வாரப் போகிறேன். வாருவதற்குப் பனி இல்லாத நாளிலும்.

உன் அப்பா

----

டெட்ராய்ட்
25 மார்ச் 1986

அன்புள்ள அப்பா,

நலம். வேலை அதிகம். அத்தைக்கு என் அன்பு. ரொட்டியை நீங்களே சாப்பிடுங்கள்.

ஏழு கல்லூரிகள் இல்லை என்று சொல்லிவிட்டன. ஏழும் மெலிந்த உறைகள், உள்ளே ஒற்றைத் தாள். சேர்த்துக்கொண்டால் உறை தடிமனாக வரும், நிரப்பி அனுப்பப் பத்துப் படிவம் இருக்கும் என்று இங்கே சொல்வார்கள். நேர்காணல் நடத்திய கல்லூரி மட்டும் என்னைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறது. புதிதாகச் சொல்ல ஏதாவது இருந்தால் மே 15க்குள் எழுதலாமாம்.

புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை.

இர்மா

----

(பனியில் கிடந்து, ஏப்ரல் 19ஆம் தேதி வில்யோவின் கையில் கிடைத்த கடிதம்)

டெட்ராய்ட்
17 டிசம்பர் 1985

அன்புள்ள அப்பா,

நலமா? நான் நலம், ஆனால் மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.

நேர்காணல் போன புதன்கிழமை நடந்தது. மூன்று பேர். இருவர் பரிவாகத்தான் பேசினார்கள், அம்மா நோயாகக் கிடந்ததை அவர்களிடம் சொல்லிவிட்டேன். மூன்றாவது ஒரு வயதான பெண் மருத்துவர், என் பட்டியலை மேசையில் வைத்து அந்தச் செமஸ்டர் மேல் விரலை வைத்தார்.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, புரியுது. ஆனா அக்டோபர் இருபத்தாறு வரைக்கும் டைம் இருந்துச்சேம்மா. ஒரே ஒரு கையெழுத்து. ஏன் போடல?"

நான் மேசையில் இருந்த பட்டியலையே பார்த்தேன்.

"நான் உன்ன மடக்கறதுக்காகக் கேக்கல. எப்ப நிறுத்தணும்னு தெரியாத டாக்டருங்கள நான் நெறைய பாத்துட்டேன். அவங்க நோயாளிங்களையும் பாத்துட்டேன். அதனால கேக்கறேன்."

அப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. ஜனவரி பத்துக்குள் எழுதி அனுப்பச் சொன்னார்கள்.

அப்பா, அந்தப் புதன்கிழமை நினைவிருக்கிறதா? விலகுவதற்கு இரண்டு நாள் முன்பு விடுதியில் இருந்து கூப்பிட்டேன். அப்போது உங்களுக்குத் தொலைபேசி கேட்கும். "அப்பா, என்னால முடியல. நாலு பாடத்தையும் விட்டுடறேன்பா"ன்னேன். நீங்கள், "விடறதா? எடுத்த வெறகப் பாதி வழியில போடறவங்க நம்ம வீட்டுல பொறக்கல" என்று சத்தமாகச் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டீர்கள். படிவம் நிரப்பித் தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதை மடித்து வேதியியல் புத்தகத்தில் வைத்தேன். இன்னும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.

நானே படிப்பை விடாமல் நின்றேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பதாக எழுதினீர்கள். அதைப் படித்த பிறகு உங்களைக் கேட்காமல் எழுத எனக்கு மனம் வரவில்லை. இதை அவர்களுக்கு எழுதட்டுமா? சரி என்றால் ஒரு வரி போடுங்கள். வேண்டாம் என்றால் பதிலே போட வேண்டாம். நான் புரிந்துகொள்வேன், பிறகு இதைப் பற்றிப் பேசவும் மாட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு வர விடுப்புக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இதை நேரில் கேட்டிருப்பேனா என்றும் தெரியவில்லை.

உங்கள் மகள்,
இர்மா

----

பெல்தோலா
20 ஏப்ரல் 1986

அன்புள்ள இர்மா,

நீ நலமாக இரு.

நேற்றுப் பனி கரைந்து சாலையோரப் பள்ளம் தெரிந்தது. ட்ரெவாரோ அடித்த முளையின் அடியில், சருகோடு சருகாக உன் டிசம்பர் கடிதம் கிடந்தது. வண்டி பெட்டியை இடித்த அன்று உள்ளே இருந்திருக்கிறது. நான் கவிழ்ந்த பெட்டியைத்தான் நிமிர்த்தினேன். உள்ளே என்ன இருந்தது, எங்கே போனது என்று பார்க்கவில்லை. சவ்னாக் கல்லின் மேல் வைத்துக் காயவைத்துப் படித்தேன். நீ பந்துமுனைப் பேனாவால் எழுதியதால் ஒரு எழுத்தும் கரையவில்லை. கரைந்திருக்கலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அந்தப் புதன்கிழமை நினைவிருக்கிறது. நான் சத்தமாகப் பேசியது உனக்காக இல்லை. முன்னறைக் கதவு திறந்திருந்தது. அதற்கு முந்தின வாரம் லெம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னால அந்தப் பொண்ணு படிப்பு நிக்கக் கூடாதுங்க. சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன். அவளுக்குக் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். அவளுக்குக் கேட்டது. தலையை ஆட்டினாள்.

ஆனால் அவள் படிப்பு நிற்கக் கூடாது என்றுதான் சொன்னாள். நாலு பாடத்தில் இருந்து விலகினால் படிப்பு நிற்காது, அடுத்த வருடம் படிக்கலாம் என்று ஒரு ஏற்பாடு இருப்பது எனக்குத் தெரியாது. விட்டால் விட்டதுதான் என்று நினைத்தேன். உன்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். நான் கேட்கவில்லை. போன அக்டோபரில் நீ விளக்கி எழுதினாய், அப்போதும் நான் சரியாகப் படிக்கவில்லை. இருபத்துநாலு தொகுதியிலும் அது இல்லை, இர்மா. இன்று காலை எடுத்துப் பார்த்தேன்.

எனக்குத் தெரியாது. இந்த இரண்டு வார்த்தையை நான் இதற்கு முன்னால் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. நீ வைத்துக்கொள்.

அவர்களுக்கு எழுது. அப்பா விடக் கூடாது என்றார் என்று எழுது. என் பெயரையும் போடு. எழுத்துப் பிழை இல்லாமல் போடு. கல்லூரிக்கு நானே எழுதலாம் என்று நேற்று மாலை தாளை எடுத்துவிட்டேன். அப்பா எழுதினால் கறை என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது. தாளைத் திரும்ப வைத்துவிட்டேன்.

கூட்டுறவுக் கடையிலும் சொல்லிவிட்டேன். "நான்தான் அவள விட விடல"ன்னேன். கடைக்காரி, "தெரியும் பெரியவரே, உங்கள எங்களுக்குத் தெரியாதா?" என்றாள். ஊருக்கே தெரிந்திருக்கிறது.

இன்று மதியம் கம்பத்தைப் பிடுங்கினேன். மண் இன்னும் உறைந்திருந்தது, கடப்பாரை வேண்டியிருந்தது. தாவெத்தி வேலியில் கையை ஊன்றிக்கொண்டு, "யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றான். பெட்டி இப்போது மூன்றடி உள்ளே நிற்கிறது. ட்ரெவாரோ வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததற்காக அவனைக் கொஞ்சம் பிடித்தது.

மே 15க்குள்.

உன் அப்பா,
வில்யோ

----

டெட்ராய்ட்
12 மே 1986

அன்புள்ள அப்பா,

நான் நலம். உங்கள் கடிதத்தைச் சோதனைக்கூடத்தில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். கடப்பாரை பிடித்த கையையும் முழங்காலையும் நினைத்துத் திட்டிக்கொண்டே படித்தேன்.

எழுதி அனுப்பிவிட்டேன். உங்கள் பெயரில் பிழை இல்லை. எழுதியது இவ்வளவுதான்: 'விலக விரும்பினேன். என் அப்பா வில்யோ வேண்டாம் என்றார். விலகினாலும் படிப்பு நிற்காது என்பது அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பது எனக்குப் புரிந்தும் நான் எடுத்துச் சொல்லவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டுத் தேர்வில் தோற்றேன். அந்த மதிப்பெண் என்னுடையது. இப்போது ஒரு நோயாளிக்குப் புரியவில்லை என்று தெரிந்தால், புரியும்வரை அந்த இடத்தை விட்டு நான் நகர்வதில்லை.'

அம்மா தலையை ஆட்டினார் என்பதை எழுதவில்லை. அது நம் இருவருக்கும்.

மாதக் கடைசியில் இந்த அறையைக் காலி செய்கிறேன். கொஞ்ச நாள் ஒரு தோழியோடு இருப்பேன், முகவரி பின்பக்கம். கல்லூரிக்கு மட்டும் நம் வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கிறேன். பதில் உங்கள் பெட்டிக்குத்தான் வரும்.

உங்கள் மகள்,
இர்மா

----

பெல்தோலா
14 ஜூன் 1986

அன்புள்ள இர்மா,

எல்லோரும் நலம். முழங்கால்கூட.

இன்று பதினொன்றரைக்கு உன் பெயருக்கு ஓர் உறை வந்தது. நான் பிரிக்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், அதை மறைக்கவில்லை. எதுவும் தெரியவில்லை, ஏனென்றால் ஒளி ஊடுருவாத அளவுக்குத் தடிமன். தாவெத்தி கையில் வாங்கி எடை பார்த்தான். "டேய் வில்யோ, இதுக்குள்ள ஒத்தத் தாளு இல்லடா, ஒரு மரமே இருக்கு" என்றான். அவன் கை ஈரம் பட்டுவிடப் போகிறது என்று பிடுங்கிக்கொண்டேன்.

சமையலறை மேசையில், காப்பி டின்னில் சாய்த்து வைத்திருக்கிறேன். வேலை செய்யும்போது நாலு தடவை வந்து பார்த்தேன். அப்படியே இருக்கிறது.

தபாலில் அனுப்பலாம். பெட்டி இப்போது பத்திரமான இடத்தில்தான் நிற்கிறது. ஆனாலும் எனக்கு அனுப்ப மனமில்லை. வியாழக்கிழமைப் பேருந்து இன்னும் ஓடுகிறது, விசாரித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை விடியலில்தான் வருகிறது. விடுப்புக் கிடைக்காவிட்டால் ஒரு வரி போடு. மறுநாளே பதிவுத் தபாலில் அனுப்பி வைக்கிறேன், ஏன் என்று கேட்க மாட்டேன்.

இத்தனை வருடமும் உருளைக்கிழங்கு இருக்கிறது, கல் புதுசு, ரொட்டி தாங்கும் என்று எழுதிக்கொண்டிருந்தேன். அதற்கெல்லாம் ஒரே அர்த்தம்தான். வா, இர்மா. வந்து நீயே பிரி.

பேருந்து நிற்கும் இடத்தில் இருப்பேன். எனக்குக் கேட்காது, அதனால் கூப்பிடாதே. கையை ஆட்டு.

உன் அப்பா,
வில்யோ